ஊத்துப்பள்ளத்தில் வைத்த குழவி

மூட்டைப்பூச்சியை விரலால் நசுக்கினால் ஒரு வாசம் வருமே, அந்த வாசத்தை நாக்கில் எச்சில் ஊற மோந்து பார்க்கிற ஜனங்கள் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு, நாங்கள் இருக்கிறோம். மாகாளிக்கிழங்கின் தோலைச் சீவும்போது முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசம்தான். கொஞ்சம் பொறுத்தால் அதற்குள்ளிருந்தே நன்னாரியின் குளிர்ச்சியான மணம் ஒன்று எழும்பி வரும், பிறகு இரண்டும் ஒன்றாகக் கலந்து வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் நாள்கணக்கில் தங்கிவிடும். வந்த விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ அது தை மாசத்து வாசம், மோர் விட்டு ஊறப்போட்ட ஊறுகாய் ஜாடியின் வாசம், பழைய சோற்றை இன்னொரு வட்டில் கேட்டு வாங்கித் தின்ன வைக்கிற வாசம். போன வாரம் என் அம்மா வீட்டுக்கு வந்த ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தின் சரியாக ஒட்டாத ஓரத்திலிருந்து அந்த வாசம் மெலிதாகக் கசிந்தது. கசிந்த உடனே எனக்கு வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. இப்போது டவுன் வளர்ந்து வளர்ந்து எங்கள் ஊரைத் தொட்டுவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது நடுவில் சோளக்கொல்லையும் கேழ்வரகுக்கொல்லையுமாகக் கிடக்கும். ஊருக்கு வடக்கே இரண்டு 'கரடு'கள். கரடு என்றால் எங்கள் பக்கத்தில் பாறையும் முள்ளுமான மொட்டைக் குன்று, சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஏறினால் தோல் கழன்றுவிடும். அந்த இரண்டு கரடுகளுக்கும் நடுவே இருந்த இடுக்கில் மட்டும் பாறைக்குள்ளிருந்து ஓர் ஊற்று வந்துகொண்டே இருந்தது. ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டுகிற கோடையில்கூட அது நின்று நான் பார்த்ததில்லை. அதனால் அந்த இடத்துக்குப் பெயர் 'ஊத்துப்பள்ளம்'. உள்ளே நாவலும் அத்தியும் நீர்மருதும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத பருமனில் நின்றன. வெளியே கானல் ஓடுகிற மத்தியானத்தில் அதற்குள் நுழைந்தால் இருட்டுக்குக் கண் பழகவே நேரம் பிடிக்கும். காலுக்கடியில் மட்கிய இலை மெத்தென்று அமுங்கும், பாறை இடுக்குகளில் பெரணி தொங்கும், ஐப்பசி மழைக்குச் செங்காந்தள் நெருப்புப் பிடித்த விரல்களை விரித்துக்கொண்டு வரும்.

எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடலோரத்து மழைக்காடு என்று ஒரு படம் இருந்தது. பச்சை மரங்கள், அவற்றின் மேல் கொடிகள், அடியில் இருட்டு. "இந்த மாதிரிக் காடெல்லாம் நம்ம பக்கம் கெடையாது, கடலுக்கு ஓரமா, மழ நெறைய பெய்யற எடத்துலதான் இருக்குது," என்றார் டீச்சர். நான் எழுந்து நின்று, "எங்கூரு ஊத்துப்பள்ளத்துல இருக்குதுங்க டீச்சர்," என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இன்று நானே நல்லம்பள்ளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதே பாடத்தை நடத்துகிறேன். எங்கோ ஒரு கடற்கரையில் பட்டணம் வளர்ந்து மழைக்காட்டைத் தின்கிறது என்றால் எங்கள் பிள்ளைகள் அட்டையில் பச்சை மை பூசிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். போகட்டும், நல்ல பிள்ளைகள். ஆனால் அந்த ஊர்வலம் போகிற சாலைக்கு ஜல்லி எங்கிருந்து வந்தது என்று கேட்க நாதியில்லை. தொலைவில் எரிகிற காட்டுக்கு அழ எல்லாருக்கும் கண்ணீர் இருக்கிறது. பக்கத்துக் கரட்டில் கிடப்பதற்கு மட்டும் 'முள்ளுப் பொதர்' என்று பெயர்.

மாகாளிக்கொடி அந்தப் பள்ளத்தின் கடைசியில், சாய்வாகக் கிடந்த ஒரு பெரிய பாறையின் மேல் படர்ந்திருந்தது. கிள்ளினால் பால் வரும். காய்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் காய்க்கும், ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. நாங்கள் அதைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு முட்டி விளையாடுவோம்; முற்றி வெடித்தால் உள்ளே இருக்கிற பஞ்சை ஊதி ஊதிப் பறக்கவிடுவோம். அந்தக் கொடி ஊரில் வேறெங்கும் கிடையாது, அந்தப் பாறையிலும் அதைச் சுற்றியும்தான். இப்போது அது நாடு முழுக்கவே அருகிப்போன செடிகளில் ஒன்று என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். அப்போது எங்களுக்கு அது ஊறுகாய்.

அந்த ஊறுகாய்க்குச் சொந்தக்காரிகள் இரண்டு பேர். ஒருத்தி என் அம்மா. சாந்தமானவள் என்று சொல்லிவிட்டால் அவளே என்னை அடிக்க வருவாள். இன்னொருத்தி கெம்பக்கா, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆடு வளர்த்த கன்னடம் பேசுகிற வீட்டுக்காரி, ஊருக்கே கேட்கிற குரல். தை பிறந்து பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு இரண்டு பேரும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குக் கிளம்புவார்கள், நாங்கள் பிள்ளைகள் பின்னால் ஓடுவோம். கிழங்கு எடுப்பதில் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு கொடிக்கு ஒரு பக்கம்தான் தோண்ட வேண்டும், மறு பக்கம் அடுத்த வருஷத்துக்கு. எடுத்த பிறகு மண்ணைத் தள்ளி, மிதித்து, பன்றி கிளறாமல் இருக்க மேலே பலகைக் கல் ஒன்றை வைக்க வேண்டும். ஆசைப்பட்டு மறு பக்கமும் கையை விட்டால் அம்மா கடப்பாரைக் காம்பாலேயே கையைத் தட்டுவாள். "பூராத்தையும் புடுங்கித் தின்னுட்டு வர்ற வருசம் மண்ணையா திம்ப?" இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷமும் ஊறுகாய் வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவு புத்தி நம் ஊரை ஆள்கிறவர்களுக்கு இருந்திருந்தால் போதும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது டவுனில் எல்லாரும் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். வீட்டுக்குக் கல் வேண்டும், கல்லுக்குக் கரடு வேண்டும். ஒரு நாள் நாங்கள் பள்ளத்துக்குப் போனபோது பாறைகளிலும் நாவல் மரங்களிலும் சிவப்புப் பெயின்டில் பட்டை பட்டையாக அடையாளம் போட்டிருந்தது. ஒரு கல் கான்ட்ராக்டர் கரட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், மரத்தை முதலில் வெட்டி வழி பண்ணிவிட்டு அப்புறம் வெடி வைப்பார்கள் என்று சேதி. அம்மா வீட்டுக்கு வந்து குதித்தாள். அப்பா சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அது பொறம்போக்குதான, நம்ம கொல்லையா? வுடு." பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், லாரி வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் ஊர் முன்னுக்கு வரும் என்று சந்தோஷப்பட்டார். அவர் அப்பாவின் அண்ணன், ஊரில் நாலு பேர் சேருகிற இடத்தில் நடுவில் உட்காருகிறவர். ஊர் ஆம்பிளைகள் ஒருத்தருக்கும் அந்த இருட்டான பள்ளத்தால் ஓர் உபயோகமும் இல்லை. விறகுக்கும் தண்ணீருக்கும் கிழங்குக்கும் போனவர்கள் பொம்பளைகள், அவர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் போகட்டும் என்று அவர்கள் தாங்களாகவே ஒன்று செய்தார்கள். சுவரோரம் அசிங்கம் பண்ணுகிறார்கள் என்றால் அங்கே சாமி படம் போட்ட டைல்ஸைப் பதிக்கிற ஊர்தானே நம்முடையது? வேலி போட்டால் பிடுங்குவான், போர்டு வைத்தால் கல்லெறிவான், ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் போவான். ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஒரு மத்தியானம் அம்மா எங்கள் வீட்டு அம்மிக்குழவியைக் கழுவி, மிளகாய்க் காரம் போக மண்ணால் தேய்த்து, முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால் கல்தச்சனிடம் கொத்து வைக்க எடுத்துப்போகிறேன் என்று சொல்வதாக ஏற்பாடு. கெம்பக்கா மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தாள். பெரிய நாவல் மரத்தடியில் குழி பறித்து, குழவியைச் செங்குத்தாக நட்டு, மஞ்சள் பூசி, புது ஜாக்கெட் துணியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றி, நடுவில் பெரிய பொட்டாக வைத்தார்கள். எட்ட நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காலையில் அதை உருட்டிச் சட்னி அரைத்தவள் நான்.

"என்னா பேரு வெக்கறது?" என்றாள் அம்மா.

"ஊத்து மாரம்மா அன்னக்கா. நோடு, பாரு, எவ்ளோ லட்சணமா குந்தியிருக்கா," என்றாள் கெம்பக்கா, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் கோடாலியும் ரம்பமுமாக வந்தபோது ஊர்க்கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்தது. மரத்தடியில் புதிதாக ஒரு அம்மன் இருப்பதைப் பார்த்து ஆட்கள் தயங்கினார்கள். கான்ட்ராக்டர் கொஞ்சம் முரட்டு ஆள், "போன வாரம் இல்லியே இது?" என்றார். அந்த நேரத்தில்தான் கெம்பக்கா முடியை அவிழ்த்துவிட்டுக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். எங்கள் ஊர் நாய்களெல்லாம் குரைத்தன. "என் வூட்டு மரத்துல கோடாலி வெக்கறியா? பேடா சாமி, பேடா! வெச்சீனா உன் வூட்டுல வெளக்கு எரியாது!" என்று ஆடிக்கொண்டே போய் அவர் முன்னால் நின்றாள். 'பேடா' என்றால் வேண்டாம் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், தேங்காய் வாங்கிவர ஆள் அனுப்பினார். அன்று சாயங்காலம் அவர் ஆட்கள் வேறு கரட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மாவும் நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கெம்பக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையும் காலும் நடுங்க உட்கார்ந்திருந்தாள். "நடிக்கலாம்னுதான் போனேன் அக்கா. நடுவுல என்னா பேசுனேன்னு தெரியல," என்றாள். அம்மா அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். நம்பிக்கையைக் கேலி பண்ணுகிறேன் என்று யாராவது நினைத்தால் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பள்ளத்தில் நான் பார்த்த ஒரே சாமி அன்றைக்கு மோர் குடித்துக்கொண்டிருந்த அந்த நடுக்கம்தான்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் பள்ளத்துக்குப் பொற்காலம். உள்ளே செருப்பு போகாது, கோடாலி போகாது. ஒரு குச்சியை ஒடிக்கக்கூட ஜனங்கள் பயந்தார்கள். தை மாசத்தில் அம்மாவும் கெம்பக்காவும் மட்டும் "ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டாச்சு" என்று முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, ஒரு பக்கம் தோண்டிக் கிழங்கு எடுத்து வந்தார்கள். வீட்டில் குழவி இல்லாத அம்மி சும்மா கிடந்தது. அரைக்க வேண்டியதையெல்லாம் அம்மா ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினாள். வேறு குழவி வாங்கலாமே என்று அப்பா கேட்டபோது, "எங்க போயிச்சுன்னு தெரியல, தேடறேன்," என்று கூசாமல் சொன்னாள்.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. கல்லுக் கான்ட்ராக்டருக்கு வேறு கரட்டில் நல்ல கல் கிடைத்து, தொழில் ஓகோ என்று போனது. எல்லாம் மாரம்மா கண்ணைத் திறந்ததால்தான் என்று ஒரு நாள் ஆள் அம்பு சகிதம் திரும்பி வந்தார். குழவிக்கு மேலே தகரக் கூரை போட்டார். கூரைக்கு இடைஞ்சலாக இருந்த கிளைகளை வெட்டினார்கள். அப்போது கோடாலிக்கு ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அப்புறம் சிமென்ட் தரை. ஆடி மாசத்தில் டவுனிலிருந்து கூட்டம் வந்தது, பொங்கல் வைக்க அடுப்பு மூட்டினார்கள், விறகு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? மட்கிய இலைகள் இப்போது 'குப்பை' ஆயின. வாராவாரம் கூட்டிக் கொளுத்தினார்கள். பெரணி 'பாம்பு அடையற எடம்' ஆனது, மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஊற்றுக்குத் தொட்டி கட்டி, தொட்டிக்கு டைல்ஸ் ஒட்டி, டைல்ஸின் மேல் இரண்டு மயில் வரைந்தார்கள். டைல்ஸுக்குள் அடைபட்ட ஊற்று பாசி பிடித்து நாறியது. அதனால் போர் போட்டார்கள். போர் போட்ட பிறகு ஊற்று என்று ஒன்று இருந்த இடத்தில் மயில் மட்டும் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் கெம்பக்காதான் பூசாரி. வெள்ளி செவ்வாய்களில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய் மஞ்சள் பூசுவாள். அவளோடு ஆடுகளும் போகும். ஒரு நாள் பெரியப்பா அவளை நிறுத்தினார். அவர் அதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் ஆகியிருந்தார். "ஆடு உள்ள வரக்கூடாது, அசுத்தம். நீயும் இனி செரமப்பட வேணாம், வெளியூர்ல இருந்து ஆளப் பாத்திருக்கோம்," என்றார். அந்தக் கோயிலின் முதல் வார்த்தையைப் பேசியவள் அவள். வாசலோடு திரும்பி வந்தாள். அடுத்த கோடையில் ஆடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தவள், பிறகு எங்கள் ஊர் எல்லையை மிதிக்கவில்லை.

நான் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாண மண்டபம் கட்டுவதென்று முடிவானது. மண்டபத்துக்காக நாவல், அத்தி, மருது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இடத்தை மட்டம் பண்ண வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே ஊர்க்கூட்டம். பொம்பளைகள் ஓரமாக நின்று கேட்கிற கூட்டம். அம்மா ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். புருஷனின் அண்ணன் முன்னால் அவள் அதுவரை தலை நிமிர்ந்து பேசியதில்லை.

"அது ஆத்தாளும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. எங்கூட்டு அம்மிக்கொழவி. நான்தான் முந்தானையில சுத்திக் கொண்டாந்து நட்டேன், மரத்த வெட்டக்கூடாதுன்னு. கொழவிக்கு எதுக்குங்க கல்யாண மண்டபம்? அந்தக் கொழவிய நானே எடுத்துட்டுப் போயிடறேன், மரத்த வுட்டுருங்க."

இன்றைக்கு அம்மாவை அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். பெரியப்பா எழுந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"கேட்டீங்களாய்யா? கேட்டீங்களா? ஆத்தா எங்க குடும்பத்துல அம்மிக்கொழவியா இருந்திருக்கா! அந்தத் தலையில எத்தன நாளு மொளகா அரைச்சிருப்போம், ஒரு வார்த்த பேசாம பொறுத்துக்கிட்டு இருந்திருக்காளே!"

பொம்பளைகள் குலவை போட்டார்கள். யாரோ அம்மாவின் காலில் விழுந்தார்கள். அவள் கத்தினாள், அழுதாள், "நம்புங்க, அது வெறுங்கல்லு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அருள் வந்துவிட்டதென்று வேப்பிலை கொண்டு வந்தார்கள். பொய் சொன்னபோது ஊர் நம்பியது, உண்மையைச் சொன்னபோது அதைவிட அதிகமாக நம்பியது. இப்போது கோயில் சுவரில் ஒரு பெண் முந்தானையில் கல்லைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது போலப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள், தலைக்குப் பின்னால் வெளிச்ச வட்டத்தோடு. அது என் அம்மா. மரங்கள் அந்த மாசமே போயின. ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை அம்மாவுக்கு என்று பெரியப்பா வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

பள்ளத்தில் கடைசியாக மிஞ்சியது அந்தச் சாய்வுப் பாறை ஒன்றுதான், மண்டபத்துக்குப் பின்னால், எச்சில் இலை கொட்டுகிற பக்கமாக. அதன் மேல் மாகாளிக்கொடி இருந்தது. ஒரே ஒரு கொடி. நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம் அம்மாவும் நானும் கோயிலுக்குப் போகிற மாதிரி போய், சாமியைப் பார்க்காமல் பின்பக்கம் போய், அதைப் பார்த்துவிட்டு வருவோம். அம்மா கிழங்கு எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். எச்சில் இலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேரின் மேல் இருந்த பலகைக் கல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

இந்த வருஷம் பெரியப்பா மகன் வந்தார். பெரியப்பா காலமான பிறகு அவர்தான் கமிட்டி. எனக்கு அண்ணன் முறை, நல்ல மனுஷன், அதுதான் இதில் கொடுமை. சாப்பாட்டுக் கூடம் கட்டப் பின்பக்கத்தை மட்டம் பண்ணப் போகிறார்கள் என்றார். கூடவே ஒன்று கேட்டார்.

"சித்தி, ஆத்தாவோட அம்மி உங்க வூட்டுலதான கெடக்குது? அதையும் கோயில்ல வெச்சுட்டா நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மனசு வெக்கணும்."

அம்மா பின்கட்டில் இத்தனை வருஷமாகக் குழவி இல்லாமல் கிடந்த அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "தர்றேன் சாமி. எனக்கு நீ ஒண்ணு தரணும். பின்னால இருக்குற பாறையத் தொடக்கூடாது. பாறையவும் தொடக்கூடாது, அதுமேல இருக்கறதையும் தொடக்கூடாது."

"அவ்வளவுதானா சித்தி? ஆத்தா மேல சத்தியம். ஒருத்தன் கை வெக்க மாட்டான்," என்று கற்பூரம் ஏற்றி அணைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மேளதாளத்தோடு வந்து அம்மியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் சுமக்கிற கல்லைச் சுமக்கப் பத்துப் பேர் அடித்துக்கொண்டார்கள். அம்மா அன்று சிரித்தாள். வெகு காலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய திருட்டுச் சிரிப்பைப் பார்த்தேன்.

போன வாரம் நாங்கள் போனோம். சாப்பாட்டுக் கூடம் எழும்பியிருந்தது. பாறை இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தார்கள், ஒரு சில்லு பெயரவில்லை. பாறையைச் சுற்றி எவர்சில்வர் கம்பி போட்டு, பாறையைப் பம்பு வைத்துக் கழுவி, அடியிலிருந்து உச்சி வரை மஞ்சள் பெயின்ட் அடித்து, நடுவில் ஆள் உயரத்துக்குக் குங்குமப் பொட்டு வரைந்திருந்தார்கள். வேர் இருந்த இடத்தில் சிமென்ட் மேடை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் ஓடி வந்தார், பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"பாத்தீங்களா சித்தி? சொன்ன வார்த்த மாறல."

"மேல இருந்தது எங்க?" என்றாள் அம்மா.

அவர் நிஜமாகவே யோசித்தார். பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாறையைப் பார்த்தார். "மேல ஒண்ணும் இல்லீங்களே சித்தி. வெறும் கொடிதான கெடந்துச்சு, சுத்தம் பண்ணிட்டோம்."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லையே! திட்ட வேண்டுமென்றால் கொடி என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொடுத்த மொத்த ஊரையும் திட்ட வேண்டும், புத்தகத்துக் காட்டைத்தான் காடு என்று சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தைத் திட்ட வேண்டும், அதே பாடத்தை இன்றும் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்துகிற என்னைத் திட்ட வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினேன்.

மறுநாள் அண்ணன் அனுப்பிய பொட்டலம் வந்தது. கோயில் ஸ்டாலில் விற்பதாம். மேலே மாரம்மா படம், கீழே 'ஆத்தாவுக்கு உகந்த மாகாளிக்கிழங்கு ஊறுகாய், ஸ்தல விசேஷம்' என்று எழுத்து. சுவரில் வரைந்த கதையில் அம்மா கிழங்கு எடுக்கப் போனதையும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் அதையும் பிரசாதமாக்கிவிட்டார்கள். வாசம் கசிந்தது. பின்கட்டில் அம்மி இருந்த இடம் நீள் சதுரமாக வெளுத்துக் கிடந்தது, புல் முளைக்காத மண். அம்மா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொட்டலத்தைப் பிரிக்காமல் மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கெழங்கு எந்த மலையிலிருந்து வருதாம்?" என்று கேட்டாள்.

பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். "ஆந்திராப் பக்கம்னு போட்டிருக்குதும்மா."

"ஆந்திராவா," என்றாள் அம்மா. பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். "அப்ப அங்க இன்னும் எந்தப் பாவியும் கொழவியக் கொண்டுபோயி வெக்கலயாட்டம் இருக்குது."